நினைவு வரமா, பயிற்சியா?
அவதானக் கலை முதல் மூளை ஆய்வு வரை

தாப்பா வட்டாரத்தில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் எவருக்கும் பழக்கமான காட்சி ஒன்று உண்டு. தாய் ஒருத்தி தன் மகனைக் கையிற் பிடித்துக்கொண்டு வந்து நிற்பாள். “ஐயா, இவனுக்கு எதுவும் மண்டையில ஏற மாட்டேங்குது. என் தங்கச்சி மகன் ஒரு தடவை கேட்டாப் போதும், அப்படியே ஒப்பிக்கிறான். இவன் மூளை அவ்வளவுதான் போலிருக்கு” என்பாள். அவள் சொல்வதில் இரண்டு நம்பிக்கைகள் அடங்கியுள்ளன. நினைவாற்றல் என்பது பிறவியிலேயே அளந்து கொடுக்கப்பட்ட வரம் என்பது ஒன்று. அஃது ஒரே ஆற்றல், உள்ளவனுக்கு எல்லாவற்றிலும் உண்டு, இல்லாதவனுக்கு எதிலும் இல்லை என்பது மற்றொன்று. ஆசிரியர்களில் பலரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மனத்தில் இவ்வாறே எண்ணுகின்றனர்.

இவ்விரு நம்பிக்கைகளும் எவ்வளவு தூரம் உண்மை? கடந்த நூற்று நாற்பது ஆண்டுகளாக உளநூலாரும் மூளை ஆய்வாளரும் இவ்வினாவிற்கு விடை தேடி வந்துள்ளனர். அத்தேடலின் நடுவே சென்னையிற் பிறந்த ஒருவரின் பெயரும் இடம்பெற்றுள்ளது. ஆராயப்பட்டவரும் அவரே; ஆராய்ந்தவருள் ஒருவரும் அவரே. அவருடைய வரலாற்றை நடுவாக வைத்து, முன்னும் பின்னும் நடந்தவற்றை இங்கே காண்போம்.

அவதானக் கலை

தமிழர்க்கு நினைவுக் கலை புதியதன்று. ஒரே வேளையில் பல பொருள்களில் கருத்தைச் செலுத்தி, ஒன்றையும் விடாது நினைவிற் கொண்டு, முடிவில் அனைத்தையும் முறைப்படி சொல்வது அவதானம் எனப்படும். கவனகம் என்பது அதற்கு வழங்கும் தமிழ்ச்சொல். எட்டுப் பொருளில் செய்வது அட்டாவதானம். பத்தில் செய்வது தசாவதானம். நூறில் செய்வது சதாவதானம். ஒருவர் வெண்பாவின் ஈற்றடியைக் கொடுத்துப் பாட்டை முடிக்கச் சொல்வார். ஒருவர் பெருக்கற் கணக்கு ஒன்று போடுவார். ஒருவர் முதுகிற் சிறு கற்களை எறிந்துகொண்டிருப்பார். ஒருவர் மணியை அடித்துக்கொண்டிருப்பார். ஒருவர் இடையிடையே வீண்பேச்சுப் பேசிக் கருத்தைக் கலைப்பார். அவதானி எல்லாருக்கும் விடை கூறியபின், விழுந்த கற்கள் எத்தனை, ஒலித்த மணிகள் எத்தனை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இக்கலையில் தமிழ்நாட்டில் பெரும்புகழ் பெற்றவர் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874 ஆம் ஆண்டில் பிறந்தவர். சீறாப்புராணத்திற்கு உரை கண்ட புலவர். 1907 ஆம் ஆண்டில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் அறிஞர்கள் கூடிய அவையில் நூறு பொருள்களில் அவதானம் செய்து காட்டிச் சதாவதானி என்னும் பட்டம் பெற்றார். 1950 ஆம் ஆண்டில் மறைந்தார்.

அவதானியைக் கண்டோர் வியந்தனர், பாராட்டினர், தெய்வ அருள் என்றும் சொன்னார்கள். ஆனால் அவர் மனத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை அளந்து எழுதிவைத்தவர் இல்லை. அளக்கும் கருவி அந்நாளில் நம்மிடம் இல்லாமற் போயிற்று. அக்கருவி வேறொரு நாட்டில், பாவலரின் இளமைக் காலத்திலேயே உருவாகிக்கொண்டிருந்தது.

மறதியை அளந்தவர்

ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885 ஆம் ஆண்டில் நினைவைப் பற்றிய நூல் ஒன்றை வெளியிட்டார். அவர் செய்த சோதனைகளில் சோதிப்பவரும் அவரே, சோதிக்கப்படுபவரும் அவரே. பொருளுள்ள சொற்களை மனப்பாடம் செய்தால் பழைய அறிவு துணைக்கு வந்துவிடும் என்று அஞ்சி, பொருளற்ற அசைகளை ஆயிரக்கணக்கில் உண்டாக்கினார். அவற்றை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, சில காலம் கழித்து மீண்டும் மனப்பாடம் செய்து, இரண்டாம் முறை எவ்வளவு நேரம் மிச்சமாயிற்று என்று கணக்கிட்டார்.

அவர் கண்ட முடிவு இது: ஒரு மணி நேரம் கழிந்தபோது மிச்சம் நூற்றுக்கு 44. ஒரு நாள் கழிந்தபோது 34. முப்பத்தொரு நாள் கழிந்தபோதும் 21. அதாவது மறதி முதலில் விரைந்து பாய்கிறது. பிறகு மெல்ல ஊர்கிறது. இதனைவிட ஆசிரியர்க்குப் பயன்படும் முடிவு ஒன்றும் அவர் கண்டார். ஒரே மூச்சில் பலமுறை படிப்பதைவிட, நாட்களுக்கிடையே பகிர்ந்து படிப்பது குறைந்த உழைப்பில் நிறைந்த பயன் தருகிறது. தேர்வுக்கு முந்திய இரவில் விளக்கேற்றி உட்காரும் மாணவன் மறுநாள் தப்பிவிடுவான், மறுமாதம் தப்பமாட்டான்.

சென்னையிற் பிறந்த எண்ணாளர்

இனி நம் கதைத் தலைவரிடம் வருவோம். இராஜன் மகாதேவன் 1957 ஆம் ஆண்டில் சென்னையில் பிறந்தார், மங்களூரில் வளர்ந்தார். சிறு பிள்ளையாய் இருந்தபோது வீட்டு விருந்துக்கு வந்தவர்களின் கார் எண்களை வெளியே சென்று பார்த்துவிட்டு வந்து, எந்த எண் யாருடையது என்று ஒப்பித்தாராம்.

வட்டத்தின் சுற்றளவை அதன் விட்டத்தால் வகுத்தால் வருவது ‘பை’ என்னும் எண். அதன் பதின்மப் புள்ளிக்குப் பின் வரும் இலக்கங்களுக்கு முடிவும் இல்லை. திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கும் இல்லை. பொருளற்ற அசைகளை எபிங்ஹாஸ் உண்டாக்க வேண்டியிருந்தது. இங்கோ கணிதமே பொருளற்ற வரிசை ஒன்றைத் தயாராக வைத்திருக்கிறது. 1981 ஆம் ஆண்டு ஜூலை 5 ஆம் நாள் மங்களூரில் அவையோர் முன் நின்று மகாதேவன் அவ்வெண்ணின் 31,811 இலக்கங்களைப் பிழையின்றி ஒப்பித்தார். எடுத்துக்கொண்ட நேரம் 3 மணி 49 நிமிடம். இடைவேளையைக் கழிக்காமல் கணக்கிட்டாலும் நிமிடத்திற்கு ஏறக்குறைய 139 இலக்கம். வரிக்கு 50 இலக்கம் வீதம் அச்சிட்டால் 636 வரிகள் நிரம்பும். கின்னஸ் நூலில் இடம்பெற்ற இச்சாதனையை 1987 ஆம் ஆண்டில் ஜப்பானியரான ஹிதேயாகி தொமோயோரி 40,000 இலக்கம் சொல்லிக் கடந்தார். 2015 ஆம் ஆண்டில் நம் வேலூரில், ராஜ்வீர் மீனா என்னும் இளைஞர் 70,000 இலக்கம் சொன்னார்.

சாதனை என்பது முறியடிக்கப்படுவதற்கே உள்ளது. மகாதேவனின் வாழ்வில் நாம் கருதத்தக்கது சாதனையன்று. அதன்பின் அவர் சென்ற வழி. மேடைதோறும் ஏறி வியப்புக் காட்டிப் பொருளீட்டுவது ஒரு வழியாக இருந்தது. அவரோ தம் நினைவு எவ்வாறு இயங்குகிறது என்று அறிய விரும்பி, 1980களில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியல் மாணவராய்ச் சேர்ந்தார். அங்கே சார்லஸ் தாம்ப்சன், தாடியஸ் கோவன், ஜெரோம் ஃபிரீமன் ஆகிய மூன்று பேராசிரியர்கள் அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1993 ஆம் ஆண்டில் தனி நூலே எழுதினர்.

ஒருமுறை கேட்டவுடன் திருப்பிச் சொல்லக்கூடிய இலக்கங்கள் சாதாரண மனிதர்க்கு ஏழு என்பது 1956 ஆம் ஆண்டில் ஜார்ஜ் மில்லர் எழுதிய கட்டுரையால் எங்கும் பரவிய செய்தி. மகாதேவனின் அளவு அதனைப் பன்மடங்கு விஞ்சி நின்றது. எண்களைப் படமாகவோ கதையாகவோ மாற்றிக்கொள்ளும் வழக்கமான உபாயங்களைத் தாம் கையாளுவதில்லை என்று அவர் கூறினார். இலக்கங்களைக் கூட்டங் கூட்டமாகப் பிரித்து, வரிசையும் நிரலும் உடைய கட்டங்களில் இட்டுக்கொள்வார். பை எண்ணின் இத்தனையாவது இலக்கம் எது என்று கேட்டால், அக்கட்டத்திற்குச் சென்று எடுத்து வருவார். கான்சாஸ் அறிஞர்கள் இவற்றையெல்லாம் கண்டு, பயிற்சி பெரும்பங்கு வகித்தாலும் அதற்கு அடியில் பிறவியாற்றல் ஒன்றும் இருக்கவேண்டும் என்று கருதினர்.

ஒரே ஆற்றலன்று

ஆனால் எண்களில் இத்துணை வல்லவரான இவர் மற்றவற்றில் எப்படி? 1992 ஆம் ஆண்டில் இர்விங் பீடர்மன் முதலியோர் மகாதேவனையே உடனாசிரியராகக் கொண்டு கட்டுரை ஒன்று வெளியிட்டனர். பொருள்களின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, படம் எவ்விடத்தில் இருந்தது, எப்பக்கம் நோக்கியிருந்தது என்று கேட்டனர். மகாதேவன் சாதாரண மாணவர்களைவிடச் சிறப்பாகச் செய்யவில்லை. முப்பத்தோராயிரம் இலக்கங்களை இடம் மாறாமல் அடுக்கிய மனத்திற்கு, ஒரு படம் இடப்பக்கம் நோக்கியதா வலப்பக்கம் நோக்கியதா என்பது எல்லாரையும்போலத்தான் நின்றது.

இதனால் தாயின் இரண்டாவது நம்பிக்கை உடைகிறது. நினைவு ஒரே கிணறு அன்று, பல ஊற்றுகள்.

முதல் நம்பிக்கையைச் சோதித்தவர் சுவீடன் நாட்டில் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய ஆண்டர்ஸ் எரிக்சன். 1980 ஆம் ஆண்டிலேயே அவரும் வில்லியம் சேஸும் ஒரு கல்லூரி மாணவரைக் கொண்டு வியத்தகு சோதனை ஒன்று செய்து வெளியிட்டிருந்தனர். அம்மாணவரின் தொடக்க அளவு எல்லாரையும்போல ஏழு இலக்கம். இருநூறு மணி நேரத்திற்கு மேலாகப் பயிற்சி செய்தபின் அது 79 இலக்கமாக உயர்ந்தது. அவர் ஓட்டப் பந்தயக்காரர். கேட்ட இலக்கங்களை ஓட்ட நேரங்களாகக் கருதி முடிச்சுப் போட்டுக்கொண்டார். அவரிடம் இலக்கங்களை விட்டு எழுத்துகளைச் சொன்னபோது, அளவு பழையபடி ஆறுக்கு இறங்கியது. அவர் வளர்த்தது நினைவை அன்று. எண்களை நினைவில் வைக்கும் கைத்திறனை.

அதே அளவுகோலை எரிக்சன் மகாதேவனிடமும் வைத்தார். இலக்கங்களுக்குப் பதிலாக வினாக்குறி போன்ற குறியீடுகளைக் காட்டியபோது மகாதேவனின் அளவும் சாதாரண மனிதரின் அளவிற்கே வந்துநின்றது. பின்னர் அவர் ஒவ்வொரு குறியீட்டையும் ஓர் இலக்கமாக மனத்தில் மாற்றிக்கொள்ளக் கற்றபோது அளவு மீண்டும் ஏறியது. 2004 ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வுக் கட்டுரையிலும் மகாதேவன் உடனாசிரியர். தம்மை வியப்பாக ஆக்கிய ஒன்று வரமன்று, பல்லாண்டுப் பழக்கம் என்று காட்டும் கட்டுரையில் தம் பெயரையே கையொப்பமாக இட்ட பெருமை அவருக்கு உண்டு. பின்னர் அவர் டென்னசிப் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பிக்கும் ஆசிரியரானார்.

கான்சாஸ் அறிஞர்க்கும் எரிக்சனுக்கும் இடையே எழுந்த கருத்து வேறுபாடு முற்றும் தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. பிறவிக்கு ஒரு பங்கும் இல்லை என்று துணிவது மிகையாகும். ஆயினும் பிறவியே எல்லாம் என்னும் பேச்சுக்கு இனி இடமில்லை.

மூளையில் நினைவின் இடம்

இதுவரை கூறியவை வெளியிலிருந்து அளந்தவை. மூளைக்குள் நினைவு எங்கே அமைகிறது என்பதை உலகுக்குக் காட்டியவர் பிரெண்டா மில்னர் அம்மையார். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1918 ஆம் ஆண்டில் பிறந்து, கேம்பிரிட்ஜில் கற்று, 1944 ஆம் ஆண்டில் கனடா சென்றவர். மான்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1952 ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார்.

அடுத்த ஆண்டில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் நகரில், காக்காய் வலிப்பினால் வாடிய ஹென்றி மோலேசன் என்னும் இருபத்தேழு வயது இளைஞருக்கு வில்லியம் ஸ்கோவில் என்னும் மருத்துவர் அறுவை செய்தார். மூளையின் இருபுறமும் பொட்டுப் பகுதியின் உட்புறத்தில் உள்ள ஹிப்போகாம்பஸ் என்னும் உறுப்பின் பெரும்பகுதியும் அதனை அடுத்த பகுதிகளும் நீக்கப்பட்டன. வலிப்புக் குறைந்தது. ஆனால் அன்றுமுதல் அவருக்குப் புதிய நிகழ்ச்சி எதுவும் மனத்தில் தங்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் வெளியே சென்று திரும்பினால், புதியவராக எண்ணி வரவேற்பார். அறிவு குறையவில்லை, பேச்சு குறையவில்லை, இளமையில் நிகழ்ந்தவை பலவும் மறக்கவில்லை.

மில்னர் அம்மையார் மான்ட்ரியலிலிருந்து சென்று அவரை ஆராய்ந்து, ஸ்கோவிலுடன் 1957 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை நினைவாய்வின் திருப்புமுனையாயிற்று. அதன்பின் கண்டது இன்னும் வியப்பானது. கண்ணாடியிற் பார்த்தபடி விண்மீன் வடிவத்தின் விளிம்பில் கோடு வரையும் பயிற்சியை அவருக்கு மூன்று நாட்கள் கொடுத்தார். அவர் கை நாளுக்கு நாள் திருந்தியது. ஆனால் ஒவ்வொரு நாளும், இப்பயிற்சியை முன்பு செய்ததே இல்லை என்று அவர் உண்மையாகவே எண்ணினார். கை கற்றது, மனம் அறியவில்லை. நிகழ்ச்சிகளை நினைப்பது வேறு, திறமையைப் பழகுவது வேறு என்பதும், அவை மூளையில் வெவ்வேறு வழிகளால் நடைபெறுகின்றன என்பதும் இவ்வாறு தெளிவாயிற்று. அரை நூற்றாண்டுக்கு மேல் தம்மை ஆய்வுக்கு ஒப்புக்கொடுத்த மோலேசன் 2008 ஆம் ஆண்டில் மறைந்தார். அதன்பின்னரே அவர் முழுப்பெயர் உலகுக்குத் தெரிந்தது.

மில்னர் நோயாளியின் மூளையிற் கண்டதை, நலமுள்ளவர் மூளையில் தேடியவர் எலியனோர் மக்வயர். அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1970 ஆம் ஆண்டில் பிறந்து, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வாழ்நாளெல்லாம் மனித நினைவையே ஆராய்ந்து, 2025 ஆம் ஆண்டில் மறைந்தவர். இலண்டனில் வாடகைக் கார் ஓட்ட உரிமம் பெற விரும்புவோர் அந்நகரின் ஏறத்தாழ 25,000 தெருக்களை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். 2000 ஆம் ஆண்டில் மக்வயரும் துணைவரும் அவ்வோட்டுநர்களின் மூளையைப் படமெடுத்து, ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களுடையதைவிடப் பெரிதாயிருக்கக் கண்டனர். பெரிதாய்ப் பிறந்தவர்களே ஓட்டுநராயினரோ என்ற ஐயம் எழுந்தது. 2011 ஆம் ஆண்டில், பயிற்சிக்கு முன்னும் பின்னும் படமெடுத்து ஒப்பிட்டு, தேர்ச்சி பெற்றவர்களிடம் பயிற்சியின்போதே அப்பகுதி வளர்ந்தது என்று காட்டி அவ்வையத்தைப் போக்கினார்.

நினைவுப் போட்டிகளில் வென்றோரையும் அவர் 2003 ஆம் ஆண்டில் ஆராய்ந்தார். அவர்கள் மூளையின் அமைப்பிலும் அறிவளவிலும் தனிச்சிறப்பு ஒன்றும் காணப்படவில்லை. கற்கும்போது அவர்கள் மூளையில் இடங்களையும் வழிகளையும் அறியும் பகுதிகள் விழித்துக்கொண்டன. காரணம், அவர்களிற் பெரும்பாலோர் கிரேக்கப் புலவர் சைமனிடீஸ் கண்டதாகச் சொல்லப்படும் பழைய இடமுறையைக் கையாண்டனர். நன்கு தெரிந்த ஒரு வழியில் மனத்தால் நடந்து, நினைக்கவேண்டிய பொருள்களை வழியில் ஒவ்வோரிடத்திலும் வைத்துச் செல்வதே அம்முறை. 2017 ஆம் ஆண்டில் மார்ட்டின் டிரெஸ்லர் முதலியோர், எப்பயிற்சியும் இல்லாதவர்களுக்கு நாள்தோறும் அரை மணி நேரம் வீதம் ஆறு வாரம் இம்முறையைப் பழக்கினர்; அவர்கள் நினைவு பெரிதும் உயர்ந்தது, நான்கு மாதம் கழித்தும் அப்பயன் நின்றது.

தாப்பாப் பிள்ளைக்கு இது கடினமன்று. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதையை அவன் அறிவான். லாத்தா இஸ்கண்டார் அருவி, ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று அவ்வழி தானே வரிசையாக வரும். அருவியில் முதல் வேற்றுமையை நனையவிட்டு, ரிங்லெட்டில் இரண்டாம் வேற்றுமைக்கு ‘ஐ’ உருபை விலைக்கு வாங்கிக் கொடுத்துச் சென்றால் மறப்பானா? அவன் பாட்டியும் இம்முறையை அறிந்தவளே. தன் நிரையிற் சில நூறு பால்மரங்களை இருட்டோடு இருட்டாக வரிசை மாறாமல் சீவி வந்தவள், எந்த மரத்தின் பட்டை எப்படி, எந்த மரத்தடியில் கோப்பை உடைந்தது என்பதை நடந்த வழியே அன்றோ நினைவில் வைத்தாள்!

நன்னூலார் கண்ட வழி

இடமுறை பட்டியல்களுக்கு உதவும். பொருளுணர்ந்து கற்பதற்கு வேறு வழி வேண்டும். அதனை 2006 ஆம் ஆண்டில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்னும் இருவர் எளிய சோதனையால் காட்டினர். உரைநடைப் பகுதி ஒன்றை மாணவரிற் சிலர் இருமுறை படித்தனர். சிலர் ஒருமுறை படித்துவிட்டு, நூலை மூடி நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இருமுறை படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, இருமுறை படித்தவர் நினைவில் நின்றது நூற்றுக்கு 42. மூடி எழுதியவர் நினைவில் நின்றது 56. மனத்திற்குள் இடுவதைவிட, மனத்திலிருந்து எடுப்பதே நினைவை உறுதியாக்குகிறது.

தமிழாசிரியர் இதனைப் படிக்கும்போது நன்னூற் பொதுப்பாயிரம் நினைவுக்கு வராமற் போகாது. மாணவன் பாடத்தை எவ்வாறு கேட்க வேண்டும் என்று பவணந்தியார் வகுத்துள்ளார். ஒருமுறை கேட்டவன் மீண்டும் கேட்டால் பிழை குறையும். மூன்றாம் முறை கேட்டால் சொல்லும் முறை அறிவான் என்கிறார். அதனோடு நில்லாமல், ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கொண்டாலும் புலமையிற் காற்பங்கே கிட்டும் என்றும், உடன்கற்போரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு என்றும், எஞ்சிய அரைப்பங்கு தான் பிறர்க்கு எடுத்துச் சொல்லும்போதே நிறையும் என்றும் கணக்கிடுகிறார். வினாவுதலும் வினாவியவற்றிற்கு விடை கூறுதலும் அவர் சொல்லும் முறைகளுள் அடங்கும். இடைவெளி விட்டுக் கற்றலையும் எடுத்துச் சொல்லிக் கற்றலையும் இக்கால ஆய்வாளர் அளந்து காட்டினர். நம் இலக்கண ஆசிரியரோ வகுப்பறைப் பழக்கத்தால் கண்டு எழுதினார். இரண்டும் ஒன்றென்று பெருமை பேசுவதற்கில்லை. அளந்து காட்டிய பெருமை அவர்களுடையது. கையிலிருந்தும் பயன்படுத்தாத குறை நம்முடையது. இன்றும் நம் வகுப்புகளிற் பிள்ளைகள் சேர்ந்து உரக்கப் படிக்கிறார்கள். நூலை மூடித் தோழனுக்குச் சொல்வது குறைவு.

ஆகவே, கையிற் பிள்ளையோடு வந்த தாய்க்கு ஆசிரியர் சொல்லவேண்டிய விடை இது: “உன் பிள்ளையின் மூளையை நீ அளந்துவிட முடியாது, அம்மா. தங்கச்சி மகன் ஒப்பிப்பது செய்யுள். உன் மகன் எதனை மறவாமல் வைத்திருக்கிறான் என்று பார். நாளுக்குப் பத்து நிமிடம் நூலை மூடிவிட்டு உன்னிடம் கதைபோலச் சொல்லச் சொல். நன்றாய்த் தூங்கவிடு.” காது கேளாமை, எழுத்தறிவதில் தனித்தடை, பசி ஆகியவற்றால் பின்தங்கும் பிள்ளைகளும் உண்டு, அவர்களைத் தக்கவரிடம் காட்டுவதும் ஆசிரியர் கடன். மக்கு என்னும் சொல் எவ்வாய்வாலும் கண்டறியப்பட்ட நோயன்று. நாம் கொடுக்கும் பெயர்.

தோட்டத்து நினைவுகள்

நினைவாய்வு நம்மிடம் கேட்கும் வேறொரு கடமையும் உண்டு. அறிஞர் எண்டல் டல்விங் 1972 ஆம் ஆண்டில் நினைவை இரண்டாகப் பகுத்தார். உலகைப் பற்றிய பொருளறிவு ஒன்று. தானே வாழ்ந்த நிகழ்ச்சியைத் திரும்ப வாழ்வதுபோல் நினைப்பது மற்றொன்று. முன்னது நூலில் எழுதப்படும். பின்னது அவரவர் உள்ளத்தில் மட்டுமே உள்ளது, அவரோடு போய்விடும்.

பத்தாங் பாடாங் மாவட்டத்தின் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின; லயங்கள் பல இருந்த இடம் தெரியவில்லை. 1942, 1943 ஆம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரவர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் மாண்டவர் பல்லாயிரவர். அவர்களிற் பெரும்பாலோர் எழுதத் தெரியாதவர்; அவர்கள் கதை எழுத்தில் மிகச் சிறிதே நின்றது. அன்று இருபது வயதாயிருந்தவர் இன்று நூறு கடந்தவர். இனிக் கேட்கக் கிடைப்பது, தகப்பன் திரும்பி வராத வீட்டிற் குழந்தையாய் இருந்தவர்களின் நினைவும், பெரட்டுக்கு எழுந்து போன பிற்காலத் தலைமுறையின் நினைவுமே. அதுவும் நாளுக்கு நாள் குறைகிறது.

அதனைக் கேட்டு எழுத முனைவோர், நினைவு நிழற்படம் அன்று என்பதை மறத்தலாகாது. கேம்பிரிட்ஜ் அறிஞர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், வேற்று மக்களின் கதை ஒன்றைப் படித்தவர்கள் நாளடைவில் அதனைத் தம் வழக்கத்திற்கேற்ப மாற்றி மாற்றிச் சொன்னதைக் காட்டினார். நினைத்தல் என்பது ஒவ்வொரு முறையும் புதிதாய்க் கட்டுதல். கேட்கும் முறையும் நினைவை மாற்றும் என்று 1974 ஆம் ஆண்டில் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் காட்டினர். கார் மோதும் திரைப்படம் ஒன்றைப் பார்த்தவர்களில் ஐம்பது பேரிடம் கார்கள் ‘மோதியபோது’ வேகம் எவ்வளவு என்றும், வேறு ஐம்பது பேரிடம் ‘மோதி நொறுங்கியபோது’ என்றும் கேட்டனர். ஒரு வாரம் கழித்து, கண்ணாடி உடைந்து கிடந்ததா என்று கேட்டபோது, முதற் பிரிவில் 7 பேரும் இரண்டாம் பிரிவில் 16 பேரும் ஆம் என்றனர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை!

எனவே பெரியவரிடம் “துரை கொடுமைக்காரனா?” என்று தொடங்கலாகாது, “காலையில் பெரட்டு எப்படி நடக்கும், தாத்தா?” என்று தொடங்க வேண்டும். லயத்தின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை மனத்தால் நடக்கச் சொல்லி, யார் யார் இருந்தார்கள் என்று கேட்டால், இடம் பெயரை அழைத்துவரும். சொன்னதைச் சொன்னபடியே ஒலிப்பதிவு செய்து, நாளையும் குறித்து, இன்னொருவர் சொல்லோடும் எழுத்துச் சான்றோடும் ஒப்பிட வேண்டும். பிழையுண்டு என்பதற்காக நினைவைத் தள்ளுவதும் தவறு. கண்ணீர் உண்டு என்பதற்காக ஆராயாமல் ஏற்பதும் தவறு.

இங்கே இரண்டு கடமைகளும் ஒன்றுசேரக் காண்கிறோம். மூளை அவ்வளவுதான் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளையை, தன் பாட்டியிடம் சென்று அவள் வெட்டிய நிரையைப் பற்றிக் கேட்டு வரச் சொல்லுங்கள். கேட்டதை மறுநாள் நூலின்றி வகுப்பில் எழுந்து சொல்லட்டும்; ஒரு வாரம் கழித்து எழுதட்டும். எண்ணாயிரம் இலக்கங்களை ஒப்பிப்பவனாக அவன் ஆகவேண்டுவதில்லை. பாட்டியோடு போக இருந்த ஒன்றை அவன் தடுத்து நிறுத்தியிருப்பான். தன்னாலும் நினைவில் வைக்க முடியும் என்பதையும் அவன் அன்றே அறிந்திருப்பான்.